நின்றுகொண்டே எழுதிய விண்ணப்பங்கள்

எனக்கு இருபத்துமூன்று வயதாக இருந்தபோது, இரண்டு மாதத்துக்கு மேல் என்னால் ஒழுங்காக உட்கார முடியவில்லை. காய்ச்சல் வந்தால் நாங்கள் குடியிருந்த லயமே, அந்த வரிசை வீடுகள் அத்தனையும், வந்து விசாரிக்கும். கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் காட்டலாம். எனக்கு நோவு வந்த இடம் முதுகந்தண்டு கீழே போய் முடிகிற இடம். அதை யாரிடம், எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஹட்டனில் வக்கீல் தொழில் பார்த்த ஒரு புரக்டரிடம் கிளாக்கராக இருந்தேன். நாடு சுதந்திரம் அடைந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. கடல் கடந்து வந்த எங்கள் தோட்டத்துச் சனங்கள் பிரஜாவுரிமை பெற வேண்டுமானால், இத்தனை வருடமாக இங்கேயேதான் இருக்கிறோம் என்று அத்தாட்சியோடு விண்ணப்பம் போட வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அதற்கு ஒரு கெடுவும் இருந்தது. விடிவதற்குள் நான் வேலை பார்த்த கந்தோர் வாசலில் கம்பளி போர்த்திய கூட்டம் கூடிவிடும். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, குழந்தை குட்டிகளோடு பஸ் ஏறி வந்து, மத்தியானம் வரைக்கும் நின்றுவிட்டு, முறை வராமல் திரும்பிப் போவார்கள்.

புரக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு நாள் அந்தக் கூட்டத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அவையள் இஞ்ச வந்து நிக்கிறதிலும் பார்க்க நீர் அங்க போய் எழுதுறது நல்லம். சைக்கிள் ஓடுவீரோ?"

ஓடுவேன் என்றேன். ஹட்டன் மைதானத்தில் நான்கு தடவை வட்டமடித்திருக்கிறேன், பொய் இல்லை.

பேக்கரிப் பாண் விற்கிறவர் ஒருவர் ஓட்டிக் கழித்த சைக்கிளை அவர் எனக்கு வாங்கித் தந்தார். அந்தப் பாண்காரர் என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். ஆசனத் தோல் அவருடைய உருவத்துக்குப் பள்ளமாகப் படிந்திருந்தது. அதில் நான் உட்கார்ந்தால் யாரோ வெட்டி வைத்த குழிக்குள் இறங்கியது மாதிரி இருக்கும். பஸ் கூரையில் சைக்கிளைப் போட்டு மஸ்கெலியாவரை போவேன். அங்கிருந்து தோட்டம் தோட்டமாக. மேட்டில் நான் அதைத் தள்ளுவேன், இறக்கத்தில் அது என்னைத் தள்ளும்.

போய்ச் சேர்ந்த இடத்தில் லயத்து இஸ்தோப்பில், அந்தச் சின்னத் திண்ணையில், எனக்காக இரண்டு தேயிலைப் பெட்டிகளைப் போட்டு வைத்திருப்பார்கள். ஒன்று மேசை, ஒன்று நாற்காலி. பெட்டியின் விளிம்பு முழுக்கத் தகரப் பட்டி அடித்திருக்கும். கேள்விகளைத் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுத வேண்டும். எந்த வருடம் வந்தீர்கள், எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள், எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம். ஒரு குடும்பத்துக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். இப்படி ஒரு நாளில் ஏழு குடும்பம், எட்டுக் குடும்பம்.

அந்த ஐப்பசி மழையில் நல்லதண்ணிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு மதகுக்கு முன்னால் தண்ணீர் தேங்கி இருந்தது. ஆழம் தெரியவில்லை. முன்சக்கரம் இறங்கி ஏறிவிட்டது. பின்சக்கரம் இறங்கியபோது ஆசனம் அடியோடு அமுங்கி, அதன் பின்பக்கத்து இரும்பு என் முதுகந்தண்டின் நுனியைப் பார்த்து அடித்தது. காதுவரை கேட்டது. விழவில்லை. சைக்கிளை நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகு தேய்த்துவிட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி விண்ணப்பத்தை முடித்துவிட்டு எழுந்தேன். பாதிதான் எழ முடிந்தது. இடுப்பு வளைந்தபடி, இரண்டு கையும் பெட்டிமேல் ஊன்றியபடி அப்படியே நின்றுவிட்டேன். எதிரில் இருந்த பெரியவர் நான் அவரைக் கும்பிடுகிறேன் என்று நினைத்துப் பதறிப்போய், தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் குனிந்தார்.

"நீங்க போய் என்னக் கும்புடலாங்களா ஐயா" என்றார்.

நான் குனிந்தபடியே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் சொன்னால் நிமிர வேண்டியிருக்கும்.

மறுநாளிலிருந்து கந்தோரில் நின்றுகொண்டே எழுதத் தொடங்கினேன். அலுமாரியின் நடுத் தட்டு என் நெஞ்சு உயரத்துக்குச் சரியாக இருந்தது. புரக்டர் ஐயா உள்ளே வருவார், நான் நிற்பேன். வெளியே போவார், நிற்பேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு, வழக்கு விஷயமாக வந்த கட்சிக்காரர் ஒருவரிடம், "இந்தக் காலத்திலை இப்பிடி மரியாதை தெரிஞ்ச பெடியன் எங்கை கிடைக்கும்" என்று என்னைக் காட்டினார். அதன் பிறகு உட்கார நினைத்தாலும் முடியாத நிலைமை.

நோவு கூடிக்கொண்டே போனதால் எங்கள் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் போனேன். எனக்குப் பின்னால் கொழுந்தெடுக்கிற பெண்கள் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். டிஸ்பென்சர் ஐயா தலையைத் தூக்காமலே என்னவென்று கேட்டார். குரலைத் தாழ்த்தி, "உக்காந்தா வலிக்குதுங்க" என்றேன்.

"மூலம்" என்றார் அவர், பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் கேட்கும்படி. "காரத்த நிறுத்து. பேதி மருந்து தர்றேன், காலையில குடி."

அந்தச் செய்தி எனக்கு முன்னால் எங்கள் ஓரறைக் காம்பிராவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா மூன்று வாரம் மிளகாய் இல்லாமல் சமைத்தார். ரொட்டிக்குத் தேங்காய்ச் சம்பல் வெள்ளையாக வந்தது. பேதி மருந்து தன் வேலையைச் செய்தது. நோவு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த நிலையில்தான் மறுபடி நல்லதண்ணிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போக வேண்டி வந்தது. அன்று இரண்டாவதாக வந்தது ஓர் இளம் தம்பதி. அவர் பெக்டரியில் மெசின் பார்க்கிறவர். நாற்பது நாள் தாண்டிய ஆண் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டிருந்தார். அவர் மனைவி கொழுந்தெடுக்கிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை.

"உக்காருங்கக்கா" என்றேன்.

"பரவால்லங்கய்யா, நிக்கிறேன்."

"நேரமாகும், உக்காருங்க."

உட்கார்ந்தார். கையைத் தரையில் ஊன்றி, இடது பக்கத்துக்கு ஒருக்களித்து. நான் என் பெட்டியில் வலது பக்கத்துக்கு ஒருக்களித்திருந்தேன். அவருடைய கணவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்பா பெயர், பிறந்த தோட்டம் என்று இரண்டு கேள்விதான் கேட்டிருப்பேன். அந்த அக்கா சொன்னார்:

"ஐயா, கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. தண்டு முடியுற எடத்துலயா நோவு?"

நான் பேனாவைப் பார்த்தேன். "இல்லக்கா, கால்ல ஒரு பிடிப்பு."

"கால் நோவுக்கு யாரும் இப்பிடி உக்கார மாட்டாங்க. எனக்கு இவன் பொறந்ததுலருந்து இருக்கு. உக்காந்தா நோவும், எந்திரிக்கிறப்ப உசிரு போகும். பின்னால சாஞ்சா கூடும், முன்னால குனிஞ்சா கொஞ்சம் கொறையும். சரிதானுங்களா?"

அத்தனையும் சரி. இத்தனை நாளாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்னொரு ஆள் வரிசையாகச் சொல்லக் கேட்டபோது, வெட்கம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. மதகு, தண்ணீர், இரும்பு எல்லாவற்றையும் சொன்னேன். பேதி மருந்தையும் சொன்னேன். கணவர் குழந்தையை மறந்து சிரித்தார். குழந்தை விழித்துக்கொண்டது.

அக்கா உள்ளே போய் இரண்டு சும்மாடு எடுத்து வந்தார். விறகுக்கட்டு சுமக்கும்போது தலையில் வைக்கிறதுதான், பழைய சேலையை முறுக்கி வட்டமாகச் சுற்றியது.

"நான் இதுலதான் உக்காருவேன். ஐயா வர்றப்ப இதுல உக்காந்தா நல்லாவா இருக்கும்னு உள்ள வச்சிட்டு வந்தேன். நடுவுல ஓட்ட இருக்கில்ல, அந்த எலும்பு எதுலயும் படாது. வச்சுப் பாருங்க."

வைத்துப் பார்த்தேன். நோவு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்தேன். அவரும் தன்னுடையதைப் போட்டு உட்கார்ந்தார். விண்ணப்பம் நிமிர்ந்து நடந்தது.

"ஒரேயடியா உக்காராதீங்க" என்றார். "அப்பப்ப எந்திரிச்சு நாலு எட்டு நடங்க. மலையில நின்னு கொழுந்தெடுக்கிறப்ப எனக்கு நோவே தெரியாது. வந்து உக்காந்தாத்தான்."

இதற்குள் அவர் கணவர் குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு என் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். ஆசனத்துக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது சீட்டு இல்லிங்க, தொட்டி" என்றார். பெக்டரிக்குப் போய் ஸ்பேனர் கொண்டுவந்தார். மூக்குப் பக்கத்தில் இருந்த திருகை முறுக்க முறுக்கத் தோல் விறைத்து மேலே வந்தது. பின்னால் இரும்பு தெரிந்த இடத்தில் சாக்கை மடித்து வைத்துக் கட்டினார். மூக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"பள்ளம் வந்தா மிதியில எந்திரிச்சு நின்னுருங்க. எங்க பழைய தொரை குதிரையில அப்பிடித்தான் போவாரு."

அவர்களுடைய விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கணவர் இங்கே வருவதற்கு முன்னால் மூன்று வருடம் டயகம என்ற தோட்டத்தில் வேலை செய்திருக்கிறார். அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. முன்பென்றால் அவர் சொன்னதை எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பேன். பெட்டியைவிட்டு எழுவதே எனக்குப் பெரும்பாடு. இப்போது நடக்கச் சொல்லி உத்தரவாகிவிட்டதே. அந்த வாரமே டயகமவுக்குப் போனேன். தோட்டக் கந்தோரில் இருந்தவர் முதலில் முகம் கொடுக்கவில்லை. நான் நாற்காலி கேட்காமல் அரை நாள் அங்கேயே உலாவிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சலித்துப்போய், பழைய செக்ரோல் கட்டுகளை அவிழ்த்தார். மூன்றாவது கட்டில் அவர் பெயர் இருந்தது. வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் அடையாளம் போட்டிருந்தது. ஒரு பிரதி எழுதி, தொரையின் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அதுவே பழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கம் எழுதினால் எழுந்துவிடுவேன். பள்ளிக்கூடத்துக்குப் போய் வரவு இடாப்பைப் பார்ப்பேன், மருந்துச்சாலைக்குப் போய்ப் பிறப்புப் பதிவைப் பார்ப்பேன், கோயில் கொடைப் பத்திரம் இருந்தால் அதையும் பார்ப்பேன். மற்றக் கந்தோர்களிலிருந்து போன விண்ணப்பங்கள் அத்தாட்சி போதாது என்று திரும்பி வந்தபோது, எங்களுடையவை அவ்வளவாகத் திரும்பவில்லை. புரக்டர் ஐயா அதை என் கெட்டித்தனம் என்று நினைத்தார்.

கந்தோர் நாற்காலியிலும் அக்கா கொடுத்தனுப்பிய சும்மாட்டைப் போட்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, "தலையிலை வைக்கிறதை எல்லே நீர் கீழை வைச்சிருக்கிறீர்" என்று சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அவர் முப்பது வருடமாக நாற்காலியில் இருக்கிறவர். ஒரு திங்கட்கிழமை நான் வந்தபோது சும்மாடு என் நாற்காலியில் இல்லை. அவருடைய நாற்காலியில் இருந்தது, மேலே ஒரு வெள்ளைத் துவாய் விரித்து. அடுத்த முறை நல்லதண்ணி போனபோது அக்காவிடம் இன்னொன்று கேட்டு வாங்கி வந்தேன்.

தை பிறந்து, மழை விட்டு, சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறத் தொடங்கிய நாட்களில் எனக்கு நோவு மட்டுப்பட்டது. அம்மா மறுபடி சம்பலுக்கு மிளகாய் போட்டார். பேதி மருந்தால்தான் குணமானது என்று டிஸ்பென்சர் ஐயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்காவின் குடும்பத்துக்கு விசாரணை வர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஹட்டனில் நடந்தது. அதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, ஒருவர் தமிழில் சொல்ல, அவர்கள் பதில் சொன்னார்கள். டயகமவில் இருந்த மூன்று வருடத்தைத்தான் அதிகாரி துருவித் துருவிக் கேட்டார். செக்ரோல் பிரதியை நீட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு அதைக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார். வேறு கேள்வி கேட்கவில்லை.

கடிதம் வந்தபோது நானே எடுத்துக்கொண்டு போனேன். மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். மலையில் வரிசையில் நின்றிருந்தார் அக்கா. கூடையை இறக்கிவிட்டு வந்தார். நான் ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். கணவர் பெயர், அவர் பெயர், பையன் பெயர் மூன்றும் அதில் இருந்தன.

"எம் பேரு எதுன்னு காட்டுங்க" என்றார்.

காட்டினேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு அந்த எழுத்தின்மேல் வைத்துப் பார்த்தார். கொழுந்துக் கறை துடைத்தும் போகவில்லை, காகிதத்தில் லேசாகப் பட்டது.

"உங்களுக்குக் கடுதாசி வந்திருச்சுங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லக்கா. வரும்."

அவர் தலையை ஆட்டினார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கீழேயிருந்து சத்தம் போட்டார். அக்கா கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினார்.

"பெக்டரி வழியா போங்க, அவருகிட்டயும் சொல்லிட்டுப் போங்க" என்றார். "மழ வர்றதுக்குள்ள மஸ்கெலியா போய்ச் சேந்துருங்க."