ஜும்ஆ நேரத்து நகல்

காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் முனீர், தன் கம்ப்யூட்டருக்குள் இரண்டாவது டிஸ்க் ஒன்றை மாட்டச் சொன்னார். முதல் டிஸ்கில் உள்ளதெல்லாம் வாராவாரம் தானாகவே அதில் நகலாக வேண்டும்.

“எப்பண்ணே கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும்?” என்றான் மெக்கானிக்.

“வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகைக்குப் போற நேரம்.” அந்த நேரத்துக்கே நகலை அமைத்துக் கொடுத்தான்.

மூன்று வருடம் கழித்து முதல் டிஸ்க் செத்தது. காலமான மனைவி சுலைகா போனில் அனுப்பிய குரல் பதிவுகளை அதில்தான் சேர்த்திருந்தார். நம்பிக்கையோடு இரண்டாவதைத் திறந்தார். காலி. ஒருநாளாவது திறந்து பார்த்திருக்கலாம்.

மகள் இன்ஷா மெதுவாகக் கேட்டாள்: “மெயின் சுவிட்ச அணைச்சுட்டுத்தானே அத்தா தொழுகப் போவீக?”

முனீர் தலை குனிந்தார். அழிந்த பதிவுகளில் பாதி, வெள்ளிதோறும் சுலைகா கேட்ட ஒரே கேள்விதான்: “சுவிட்ச அணைச்சீகளா?”