நின்றபடியே இரண்டு பேர்

"படுக்கலாம். ஜாக்கெட் போட்ட பிறகு நிக்கலாம், கொஞ்சம் நடக்கலாம். உக்கார மட்டும் கூடாது" என்று டாக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து சம்பாதிக்கிறவளிடம் போய் இதைச் சொல்கிறாரே! மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்ட். காலையில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம்வரை எழுந்திருக்க மாட்டேன். சாயாவைக்கூட மேசைக்கே கொண்டுவந்து வைப்பார்கள்.

"மறுபடி உக்காரத்தானே டாக்டர் இந்த ஆபரேஷனே?" என்றேன்.

"அதுக்குத்தான் சொல்றேன், உக்காராதீங்க" என்றார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. முதுகின் அடியில் ஒரு எலும்பு தன் இடத்திலிருந்து முன்னால் நழுவியிருந்தது. இடது கால் முழுக்க மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. இடுப்பு எலும்பைக் கொஞ்சம் செதுக்கி எடுத்து முதுகில் வைத்து, நழுவியதையும் அதன் அடியில் இருப்பதையும் ஒன்றாக்கிவிடலாம் என்று எர்ணாகுளத்து டாக்டர் சொன்னார். ஒட்டு மாங்கன்று வைப்பது போலத்தான், பிடித்துக்கொள்ளும்வரை அசைக்கக் கூடாது என்று என் கணவர் எனக்கு விளக்கினார். அவர் படகுக்காரர்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிறவர். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். மிளகு சீசன் தொடங்கும்வரை என் நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவைக்க மாட்டோம் என்று கம்பெனியில் வாக்குக் கொடுத்தார்கள். அதற்குள் நான் உட்கார்ந்தாக வேண்டும். என் கவலையெல்லாம் அந்த ஒன்றுதான்.

ஆபரேஷன் முடிந்து, மார்புக்குக் கீழேயிருந்து இடுப்புவரை மாவுக்கட்டுப் போட்டார்கள். அதைத்தான் ஜாக்கெட் என்று சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்டால் வயிறு உப்ப இடம் வேண்டுமென்று தொப்புளுக்கு மேலே ஒரு துவாரம் வெட்டி விட்டிருந்தார்கள். டாக்சியில் மடக்கி ஏற்ற முடியாத உடம்பாகிவிட்டேன். சுக்கு மூட்டை ஏற்றும் மெடடார் வேன் ஒன்றைப் பிடித்து, அதில் மெத்தை போட்டு என்னைப் படுக்கவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தோப்பும்படிப் பாலத்தில் வண்டி குலுங்கிய குலுக்கலுக்கு, டிரைவரை எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் திட்டினேன். அவர் பாவம், வேகத்தைக் குறைத்தார்.

தெருவைப் பார்த்த அறையில் கட்டில். வெளியே மழை. கைவண்டிகளின் சத்தம், மூட்டை தூக்குகிறவர்களின் கூச்சல், படகுத்துறையிலிருந்து வரும் ஊதல். ஊரே ஓடிக்கொண்டிருக்கிறது, நான் மட்டும் மரக்கட்டையாகக் கிடக்கிறேன். கை சும்மா இருக்காது. ஜன்னல் வழியே காதில் விழுகிற சண்டை, பேரம், ஏச்சு எல்லாவற்றையும் மாவுக்கட்டின் மேல் விரலால் டைப் அடிப்பேன். அடித்து முடித்ததும் எரிச்சல் இன்னும் கூடும். மழையில் மாவு காயாமல் ஒரு ஈர நாற்றம் வேறு. உள்ளே அரிப்பு. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சியை உருவி வாங்கி, எட்டுகிற இடமெல்லாம் சொறிவேன். எட்டாத இடம்தான் எப்போதும் அதிகம் அரிக்கும்.

என்னைப் பார்த்துக்கொண்டது மாமி, என் கணவரின் அம்மா. அறுபது வயதிருக்கும். பருத்த உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய கை. எங்கள் தெருவில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் தாய்க்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வயிறு கட்டி, லேகியம் கொடுத்துத் தேற்றுவது மாமிதான். ராவுத்தர் வீடு, கொங்கணி வீடு, குஜராத்தி வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. சொந்த மருமகளுக்கு மட்டும் அதைச் செய்ய வாய்க்கவில்லை. எனக்குப் பிள்ளை பிறக்கவில்லை. மாமி ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் மற்ற வீடுகளுக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு கிளம்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் போவார். அது எனக்கு வலிக்கும்.

அப்படிப்பட்டவர் கையில் நான் வந்து சேர்ந்தேன். அறுத்த உடம்பு, எழ முடியாத உடம்பு, வயிற்றைச் சுற்றிக் கட்டு. மாமிக்குச் சந்தேகமே இல்லை, இதுவும் ஒரு பேறுகாலம்தான். மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து, "நல்ல எறுக்கமாத்தான் கட்டியிருக்கான்" என்று டாக்டரைப் பாராட்டினார். பூண்டு வேகவைத்த பால், கருப்பட்டி லேகியம், மிளகு ரசம் எல்லாம் முறைப்படி வந்தன. ஒரே ஒரு குறைதான் மாமிக்கு.

"எண்ணெ காணாத ஒடம்பு எப்படி மோளே தேறும்? எண்ணெ தேய்க்கிற மாசம், கர்க்கடகம் வேற பொறந்தாச்சு."

"கட்டுக்கு மேல தேச்சா மாவுக்குத்தான் எண்ணெ, மாமி" என்றேன் கேலியாக.

மாமி அந்தத் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மத்தியானம் மாத்திரை போட்டால் அசந்துவிடுவேன். ஒருநாள் அந்த அரைத்தூக்கத்தில் வயிற்றின் மேல் ஏதோ இளஞ்சூடாக இறங்கியது. விலாவைச் சுற்றி வழிந்து, ஈர்க்குச்சி எட்டாத இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. அரிப்பு அடங்கியது. அவ்வளவு சுகத்தை நான் அந்த வருஷம் முழுக்க அனுபவித்ததில்லை. கனவு என்று நினைத்துத் தூங்கிப்போனேன். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அந்தக் கனவு வந்தது. மாமி தைலத்தைச் சுடவைத்து, துவாரத்தின் வழியாகவும் பின்பக்க ஓரத்தின் வழியாகவும் கரண்டி கரண்டியாக விட்டுக்கொண்டிருந்தார்.

மாவு ஓரங்களில் பிசுபிசுத்தது. அப்புறம் நாற்றம் மாறியது. அப்புறம் காய்ச்சல். பல் கிட்டித்துக்கொள்ளும் குளிரில் மறுபடி எர்ணாகுளம். கட்டை வெட்டித் திறந்தபோது என் தோல் ஊறிய அவல் போல வெளுத்து உரிந்து வந்தது. இடுப்பில் எலும்பெடுத்த காயம் சீழ் பிடித்து, முதுகுத் தையல்வரை பரவியிருந்தது.

டாக்டர் மதுரையில் படித்த மலையாளி. திட்டுவதற்குத் தமிழ் போதாமல் மலையாளத்துக்குத் தாவினார். "யாரு செஞ்ச பணி இது?"

மாமி மறைக்கவில்லை. "நான்தான்" என்றார். எல்லோர் முன்னாலும் டாக்டர் அவரை வெளுத்து வாங்கினார். எலும்பு கூடுமா என்று இனிமேல் சொல்ல முடியாது, கூடாவிட்டால் ஆயுசுக்கும் உட்கார முடியாது என்றார். கடைசியில், "இவங்களை இனி பேஷண்ட் பக்கத்துல விடாதீங்க" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். மாமிக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச எனக்கு மனமும் இல்லை. அவ்வளவு கோபம்.

காயத்தைத் திறந்து கழுவினார்கள். வேளைக்கு வேளை ஊசி. காயம் ஆறியதும் புது ஜாக்கெட், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை துவாரம் வெட்டவில்லை. மூன்று வாய்க்கு மேல் சாப்பிட்டால் மூச்சு முட்டும். இடது கால் பெருவிரல் அன்று மரத்தது, இன்றுவரை எனக்குச் சொந்தமில்லை.

வீட்டுக்கு வந்தபின் மாமி என் அறைக்குள் கால் வைக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார். தட்டை என் கணவர் கொண்டுவருவார். வாசலில் திரை தொங்கும், திரைக்குக் கீழே மாமியின் கால்கள் தெரியும். அங்கேயே நிற்பார்.

"உள்ள வாங்க, மூஞ்சியைப் பாத்துத் திட்டணும் எனக்கு" என்று கத்துவேன்.

"இங்க நல்லாக் கேக்குது, திட்டு" என்று பதில் வரும்.

மிளகு சீசன் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டைகள் இறங்குகிற சத்தத்திலேயே தெரிந்தது. கம்பெனியில் என் நாற்காலிக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள் என்று என் கணவர் வந்து சொன்னார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நிற்கச் சொன்ன நேரத்தில் நிற்கவில்லை, நடக்கச் சொன்னால் நடக்கவில்லை. உட்கார்ந்து யாருக்கு ஆக வேண்டியிருக்கிறது என்று தோன்றிவிட்டது.

அப்படியே கொஞ்ச காலம் போனது. ஒருநாள் தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார் என் கணவர். "நீ இப்படிப் படுத்தே கெடந்தா, அங்க அம்மா நின்னே சாவாங்க" என்றார்.

"என்னது?"

அப்போதுதான் சொன்னார். என்னை இரண்டாவது தடவை உள்ளே கொண்டுபோன அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமி ஒரு நேர்ச்சை நேர்ந்துகொண்டிருக்கிறார். மருமகள் உட்காருகிறவரை தானும் உட்காருவதில்லை என்று. நாற்காலியிலும் இல்லை, கட்டிலிலும் இல்லை, தரையிலும் இல்லை. சாப்பாடு நின்றுகொண்டே. மீன் அரிவதும் நின்றுகொண்டே. ராத்திரி அப்படியே சாய்ந்து படுத்துவிடுவார். தொழுகையில் உட்காருகிற இருப்பு மட்டும் விலக்கு, அது அல்லாவுக்குச் சேர்ந்தது. "அதான் இப்பல்லாம் அம்மா அவ்வளவு நேரம் தொழறாங்க" என்றார். அத்தனை எரிச்சலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயங்கரமான கோபம் வந்தது.

"மாமி! இது என்ன கூத்து? யாரு கேட்டா இதை உங்ககிட்ட?"

திரைக்குப் பின்னால் பெருமூச்சு. "சொல்லிட்டானா? வாயில ஒண்ணும் நிக்காது அவனுக்கு."

"மொதல்ல உக்காருங்க!"

"நீ உக்காரு. நானும் உக்கார்றேன்."

"எலும்பு கூடலைன்னா?"

"அப்ப நிக்கறேன்" என்றார் மாமி.

அன்றுதான் திரைக்குக் கீழே அந்தக் கால்களைச் சரியாகப் பார்த்தேன். கணுக்கால் என்று ஒன்று இல்லாமல் வீங்கி, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. என் முதுகைக் கெடுத்ததும் போதாதென்று இப்போது தன் கால்களையும் என் தலையில் கட்டிவிட்டாரே என்று பொருமினேன். ஆனால் எழுந்து நின்றேன். அன்றிலிருந்து ஒருவேளை விடாமல் நடந்தேன். ஜன்னல் கட்டையில் தட்டை வைத்து நின்றபடியே நான் சாப்பிடுவேன், திரைக்கு அந்தப்பக்கம் மாமி நின்றபடியே சாப்பிடுவார். உப்பு சரியா என்று கேட்பார். சரியாக இருந்தாலும் இல்லை என்பேன்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கப் பார்த்தேன். ஒரு நொடி உட்கார்ந்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். கட்டில் கிரீச்சிட்டது.

"மோளே, கள்ளத்தனமா உக்காந்தா நேர்ச்சை தீராது" என்றார் மாமி, திரைக்குப் பின்னாலிருந்து. "டாக்டர் சொல்லணும்."

டாக்டர் சொல்ல அடுத்த மழைக்காலம்வரை ஆனது. அதற்குள் எத்தனையோ எக்ஸ்ரே, ஒவ்வொன்றிலும் "பார்க்கலாம்". அன்றைக்கு ஜாக்கெட்டை வெட்டி எடுத்துவிட்டுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வெள்ளைத் தழும்பைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். "பிடிச்சிருச்சு" என்றார். "உக்காரலாம். கொஞ்ச நேரம்தான், மெதுவா."

தன் அறை ஸ்டூலைக் காட்டினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வராந்தாவில் நீளமான பெஞ்ச் காலியாகக் கிடந்தது. தனியாகப் படகில் நின்றபடியே வந்திருந்த மாமி அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அத்தனை மாதம் கழித்து, நடுவில் திரை இல்லாமல் அப்போதுதான் பார்த்தோம். மெலிந்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்தார். நான் கையை ஊன்றி, முழங்காலை மடக்கி, பெஞ்சில் உட்கார்ந்தேன். முதுகின் அடியில் யாரோ இரும்பைத் திருகுவது போலிருந்தது. கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்குதா?"

"இல்ல."

"சத்தியமா?"

"உக்காருங்க மாமி."

மாமி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு காலத்துப் பாரத்தையும் ஒன்றாக என் பக்கத்தில் தொப்பென்று இறக்கினார். பெஞ்ச் ஒரு ஆட்டம் ஆடியது. அந்த ஆட்டம் நேராக என் முதுகில் ஏறி, உச்சந்தலைவரை போய் அடித்தது. டிரைவரை மூன்று மொழியில் திட்டியவள், அன்றைக்கு ஒரு மொழியிலும் வாய் திறக்கவில்லை.