ஜெனரேட்டரும் இரண்டு பட்டாளத்துக்காரர்களும்

பட்டாளத்தை விட்டு வந்தவர்களுக்கு இந்த நாட்டில் ஒரு வேலை எப்போதும் தயாராக இருக்கிறது: கேட்டில் நிற்பது. அங்கே பீரங்கி சுட்டிருந்தாலும் சரி, உருளைக்கிழங்கு உரித்திருந்தாலும் சரி, கடைசியில் ஒரு விசிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான். என்னைப் போல விசில் ஊதிய சகோதர சகோதரிகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

நான் கொமரலிங்கத்துக்காரி. ராணுவத்தில் சப்ளைப் பிரிவில் அதிகாரி. அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிய லாரிகளைக் காஷ்மீர் ரோட்டில் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. அந்தப் பிரிவில் பெண்களுக்கு நிரந்தரப் பணி கிடையாது என்று, காலம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள். பென்ஷனும் இல்லை. திருப்பூர் மின்வெட்டுக்குப் பழகிக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்தேன்.

சண்டையே போடாதவர்

பெண்கள் வேலை செய்கிற இடத்துக்குப் பெண் அதிகாரி வேண்டும் என்று பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் சொல்லிவிட்டதால்தான் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. "சண்டைக்குப் போயிருக்கறீங்களா?" என்று கேட்டார். "பொம்பளைங்களச் சண்டைக்கு அனுப்பறதில்லீங்க" என்றேன். சட்டப்படி அது உண்மை. எனக்கு முன்னால் போன லாரி ரோட்டில் புதைத்த வெடியில் சிதறியதையும், அதை ஓட்டியவன் அன்று காலை என் பிளாஸ்கிலிருந்து டீ குடித்தவன் என்பதையும் நான் சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

முதலாளிக்கு ஒரே நிம்மதி. கேட்டில் துரைசாமி என்று ஒரு முன்னாள் ஹவில்தார் இருந்தார், அவினாசிபாளையத்துக்காரர், எல்லைச் சண்டையில் முன்வரிசையில் நின்றவர். கரண்ட் போய் ஜெனரேட்டரைப் போட்டால் அது முதலில் குண்டு போட்டதுபோல ஒரு சத்தம் போடும். துரைசாமி தரையில் விழுந்துவிடுவார். ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டும் பார்த்தாராம். முதலாளி என்னிடம் சொன்னார்: "ஒருத்தருக்காக அத நகத்த முடியுமுங்களா? அடுத்த தடவ உழுந்தா ஊட்டுக்கு அனுப்பிருவேன்னு சொல்லியிருக்கறனுங்க. நீங்கதான் கவனிச்சுச் சொல்லோணும். உங்களுக்கு அந்தக் கோளாறு வராதுங்க. சண்டையே போடாதவங்களுக்கு எப்படீங்க வரும்?"

சமையல்

முதல் நாள் மதியம் செக்கிங் பிரிவு சரஸ்வதி அக்கா டிபன் பாக்ஸோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பட்டாளத்தில் பெண்களைச் சமையலுக்குத்தானே எடுப்பார்கள் என்று கேட்டார். கேலி இல்லை, நிஜமான சந்தேகம். இல்லை அக்கா, அங்கே சமைக்கிறது, பாத்திரம் கழுவுறது, துணி துவைக்கிறது எல்லாம் ஆம்பளைகள்தான் என்றேன்.

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு டிபன் பாக்ஸை மூடிவைத்தார். காலையில் நாலு மணிக்கு எழுந்து ஆறு பேருக்குச் சமைத்துவிட்டு வருகிறவர். பிறகு சொன்னார்: "அப்படி ஒரு எடம் இருக்குதுன்னு ஒருத்தருமே சொல்லலீங்களே மேடம். தெரிஞ்சிருந்தா குண்டு உழுந்தாலும் பரவால்லைன்னு போயிருப்பனுங்க."

ஒட்டடை

அந்த வாரமே கரண்ட் போனது. ஜெனரேட்டர் அந்தக் குண்டுச் சத்தத்தைப் போட்டது. நான் என் அறையில் மேஜைக்கடியில் இருந்தேன். எப்படி உள்ளே போனேன் என்று எனக்கே தெரியாது. மூக்கில் மண்ணெண்ணெய் வாசனை. அங்கே மண்ணெண்ணெய் இல்லை. அந்தச் சத்தத்தைவிட யாராவது பார்த்திருப்பார்களோ என்றுதான் அதிகம் பயந்தேன். மெல்லத் தவழ்ந்து வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கேட்டருகே துரைசாமி குப்புறப் படுத்திருந்தார்.

வெளியே போனேன். எழுந்து, சட்டை மண்ணைத் தட்டிவிட்டு, விறைப்பாக நின்றார். "மொதலாளிகிட்டச் சொல்லீருங்க மேடம். உங்க வேலைய நீங்க செய்யோணுமல்லங்க" என்றார். மகள் கல்லூரியில் படிக்கிறாள், பென்ஷன் பற்றாது என்பதெல்லாம் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். இப்போது அதை எடுக்கவில்லை. என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "போறதுக்கு முன்னால தலையில இருக்கற ஒட்டடையத் தொடச்சுக்குங்க மேடம்."

நான் போகவில்லை.

ஒரே கோளாறு, இரண்டு மருந்து

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி ஒரு மனநல டாக்டரைப் பார்த்தோம். முதலில் துரைசாமி. டாக்டர் ஒரு மணி நேரம் கேட்டார். இது போரினால் வந்தது, வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி, மாத்திரை எழுதி, எழுந்து நின்று கைகொடுத்தாராம்.

அடுத்து நான். தூக்கம் இல்லாததைச் சொன்னேன், லாரியைச் சொன்னேன், டீ குடித்தவனைச் சொன்னேன். நீங்கள் போரில் இல்லையே என்றார் டாக்டர். பெண்களுக்குப் பொதுவாகவே பயந்த சுபாவம், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் சொன்னது சரி என்றாகிவிடும் என்று அடக்கிக்கொண்டேன். திரும்பும்போது துரைசாமியிடம் இதைச் சொன்னேன். அவினாசி வந்ததும் சொன்னார்: "எனக்குக் கல்யாணமாயி இருவது வருசமாச்சுங்க மேடம். இன்னும் எத்தன தடவ பண்ணோணுமுன்னு அவரக் கேட்டுட்டு வந்திருக்கலாமுங்க."

தீ விபத்து ஒத்திகை

என் மூன்று மாதம் முடிகிற வாரத்தில் கம்பெனியில் பாதுகாப்பு எப்படி என்று சோதிக்க, பையர் தரப்பில் ஓர் ஆடிட்டர் அம்மா வந்தார். தீ விபத்து ஒத்திகையை அவர் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும். மணி அடித்ததும் மேடம் என்ன செய்கிறாரோ அதையே எல்லோரும் செய்ய வேண்டும் என்று சூப்பர்வைசர் பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். மணி அடித்தது. முறைப்படி மெயின் சுவிட்சை அணைத்தார்கள். வரிசை அழகாக இறங்கி முற்றத்துக்கு வந்தது. கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவது எலக்ட்ரீஷியனின் பழக்கம். போட்டுவிட்டார்.

நான் விழுந்தேன். கேட்டில் துரைசாமி விழுந்தார். எனக்குப் பின்னால் கட்டிங், டெய்லர், செக்கிங், அயர்னிங் என்று மொத்தக் கம்பெனியும் குப்புறப் படுத்தது. நின்றுகொண்டிருந்தது முதலாளியும் ஆடிட்டரும் மட்டும்தான். எனக்கும் துரைசாமிக்கும் வேலை போயிற்று என்று மண்ணில் முகத்தை வைத்துக்கொண்டு நினைத்தேன். பக்கத்தில் படுத்திருந்த சரஸ்வதி அக்கா, "எப்பங்க மேடம் எந்திரிக்கறது? சேலையெல்லாம் மண்ணாகுது" என்று கிசுகிசுத்தார். இது என்ன என்று ஆடிட்டர் கேட்க, கேட்டருகே படுத்தபடியே துரைசாமி பதில் சொன்னார்: "பொகை மேல போகுமுங்க. ஆளு கீழ இருக்கோணுமுங்க." இவ்வளவு ஒழுங்கை எங்குமே பார்த்ததில்லை என்று ஆடிட்டர் பாராட்டிவிட்டுப் போனார்.

முதலாளி பாராட்டவில்லை. அவர் பனியன் விற்று முன்னுக்கு வந்தவர், புகைக் கதையெல்லாம் அவரிடம் போணியாகாது. என் கை இன்னும் நடுங்குவதைப் பார்த்துவிட்டார். என்னையும் துரைசாமியையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் விறைப்பாக நின்றோம். கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த ஜெனரேட்டரப் பின்னால தோட்டத்துப் பக்கம் கொண்டு போயிரப்பா. ஒருத்தருக்குன்னாப் பரவால்ல, ரண்டு பேருத்துக்கும் ஆகறதில்ல."

பட்டாளத்தில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சரிசமம், இப்படியாகக் கம்பெனிக்குப் பின்புறம் ஜெனரேட்டருக்குப் போட்ட ஒரு தகரக் கொட்டகையாக எனக்கு வந்து சேர்ந்தது.