அம்மா சொல்லாத பெயர்

என் பெயர் மாசி. மாசி மாதம் பிறந்தீர்களா என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், இல்லை, ஐப்பசியில். சிறுசேரி அலுவலகத்தில் புதிதாக யார் சேர்ந்தாலும் இந்த விளக்கத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. மாசியில் பிறந்து மாசி என்று பெயர் வாங்கியவர் என் அப்பாவைப் பெற்ற தாத்தா. நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்பு, கரை திரும்பும்போது அவருடைய கட்டுமரம் எங்கள் குப்பத்துக்கு எதிரிலேயே கவிழ்ந்தது. குப்பமே கரையில் நின்று பெயர் சொல்லிக் கத்தியதாம். அவர் வரவில்லை. முதல் பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் என்று அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பிறந்தது பெண் என்று தெரிந்த பிறகும் முடிவை மாற்றவில்லை.

சரி, வைத்தார்களே, கூப்பிட்டார்களா? அதுதான் இல்லை. பெற்ற தகப்பனைப் பெயர் சொல்லி அழைப்பதா என்று அப்பா என்னை 'நைனா' என்பார். 'நைனா, மூக்கச் சிந்து' என்று அவர் பாசமாகச் சொல்லும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாவோ மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாத மருமகள். அவளுக்கு நான் 'பாப்பா', கோபம் வந்தால் 'இந்தா'. மாதத்தின் பெயரைக்கூடச் சொல்லமாட்டாள், 'தைக்கு அடுத்தது' என்பாள். அந்தப் பெயரை வாய் நிறையச் சொன்னவர்கள் என் வகுப்புப் பிள்ளைகள்தான். என் பக்கத்தில் எவள் உட்கார்ந்தாலும் அவளுக்குப் பங்குனி என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

எட்டு வயதில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வருடம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். அப்பா எங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டுச் சிநேகிதர்களோடு எங்கோ போய்விட்டார். அம்மா தன் செருப்பையும் பையையும் என்னிடம் கொடுத்து, "இங்கியே குந்திகினு இரு, எங்கியும் போவாத" என்று சொல்லிவிட்டுக் கடலில் முழுக்குப் போடப் போனாள். அவள் முதுகைத் திருப்பியதும் நான் எழுந்துபோய் ஒரு கரும்புஜூஸ் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவது, இல்லாவிட்டால் வருவதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னால்கூடப் போதும் என்று பெரிய மனதோடு எனக்குள் தீர்மானம் போட்டிருந்தேன்.

திரும்பி வந்த அம்மாவுக்குச் செருப்பும் பையும்தான் கிடைத்தன. "பாப்பா!" என்று கத்தினாள். அந்தக் கடற்கரையில் பாதிப் பிள்ளைகள் பாப்பாதான், நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஓடிப்போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, குளித்துக்கொண்டிருந்தவர்களை விலக்கி விலக்கித் தேடினாள். எல்லாவற்றையும் நான் வண்டிச் சக்கரத்தின் இடுக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இவ்வளவு கத்துகிறவள் அந்த இரண்டெழுத்தைச் சொல்லித் தொலைத்தால் என்ன என்று எரிச்சல்தான் வந்தது.

கடைசியில் ஈரப் புடவையோடு போலீஸ் பந்தலுக்கு ஓடி வந்தாள். அது வண்டிக்கு நேர் எதிரே இருந்தது. மைக் பிடித்திருந்தவர் பெண்ணின் பெயரைக் கேட்டார்.

"மாமனாரு பேரு சார். தைக்கு அடுத்து வருதுல்ல, அது."

"பேரு இன்னான்னு கேட்டா விடுகத போட்டுகினு கீறியே! சீக்கிரம் சொல்லும்மா."

"இன்னிக்கி இன்னா மகம் சார்? அந்தப் பேருதான்."

அம்மாவுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர் பிள்ளையைத் தேடி நின்றுகொண்டிருந்தார்கள். 'மகம் என்கிற எட்டு வயதுச் சிறுமி' என்று மைக்காரர் அறிவித்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாழ்நாளில் முதல் தடவையாக மைக்கில் வருகிறேன், அதிலும் என் பெயர் இல்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மா அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். அவள் முகம் எங்கள் யார் பக்கமும் இல்லை, கடலைப் பார்த்திருந்தது.

"மாசி! அடியே மாசி! எங்கடி கீறே? வந்துடுடி மாசி!"

கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளிலெல்லாம் என் பெயர் கேட்டது. நான் குதித்து எழுந்து ஓடினேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. அம்மா மண்டியிட்டு என் தலைமுடியையும் பாவாடையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் உலர்ந்திருந்தன. எங்கே போனாய் என்று கேட்கவே இல்லை. கடலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு அதே வண்டியில் எனக்குக் கரும்புஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். வண்டிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், நல்ல மனிதர், காட்டிக்கொடுக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து நான் மறுபடி பாப்பா. அதற்காக ஒரு வாரம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாத்தா போன அன்று குப்பமே கத்தியபோது, மருமகள் என்பதால் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளாம். கல்யாணமாகி அப்போது இரண்டு மாதம். இதை அத்தை என்னிடம் சொன்னபோது நான் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பெயரைக் கடலைப் பார்த்துக் கூப்பிட்டு ஒரு ஆள் திரும்பி வந்தது மாமல்லபுரத்தில் அன்றைக்குத்தான். வந்தவளோ, கையில் கரும்புஜூஸோடு, அம்மாவை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.