ஹெர்மீனியா சொல்லும் கடை

"இந்தச் செருப்போடயா மலைக்குப் போறீங்க?"

கேட்டுக்கொண்டே ஹெர்மீனியா மேசைக்கு மேலாக எட்டி, வந்தவரின் கால்களைப் பார்க்கிறாள். அவர் குளிர்ப் பிரதேசமான மின்னசோட்டாவிலிருந்து வந்தவர். வெளியே ஜூன் மாதத்து முன்பகல் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறது. "ஏன், என்ன?" என்கிறார். "மலை எங்கயும் ஓடிப் போயிடாதுங்க. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி போங்க. இப்ப ரூமுக்குப் போய்த் தண்ணியக் குடிச்சுட்டுப் படுங்க." அவர் கொடுக்க வந்த சாவியை அவர் கையிலேயே திணித்து, விரல்களையும் மூடிவிடுகிறாள்.

பாலைவன நகரமான டூசானின் தெற்குப் பக்கத்தில் இரண்டு மாடி மோட்டல். முதலாளிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் மட்டும் ஹெர்மீனியா போஹோர்கெஸ்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். குள்ளமான, அகலமான உடம்பு. கழுத்தில் எப்போதும் ஓர் ஈரத் துண்டு. காலையில் பென்சிலால் வரைந்துகொண்டு வரும் புருவங்களில் ஒன்று மத்தியானத்துக்குள் வியர்வையில் பாதி அழிந்துவிடும். மிச்சமிருக்கும் அந்தப் பாதிப் புருவத்தை உயர்த்தித்தான் ஆட்களை எடைபோடுவாள். ரொட்டி சுடும் அடுப்புக்குப் போடுகிற தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டுதான் தன் பழைய காரை ஓட்டுவாள். சிரிக்கிறவர்களிடம், "வெறுங்கையோட ஸ்டீரிங்கத் தொட்டுப் பாருங்க, அப்புறம் சிரிங்க" என்பாள்.

எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் உடனே பதில் வராது. "காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்பாள். காரில் வரும்போதே சண்டை போட்டுக்கொண்டு, மூஞ்சியைத் திருப்பியபடி வந்து நிற்கும் தம்பதிகளைக் கண்டால் சாப்பாட்டுக் கடையைச் சொல்லவே மாட்டாள். "முதல்ல அந்த மூலைக் கடைல மாம்பழம் போட்ட ஐஸ் ஒண்ணு வாங்குங்க. ஒரே கப்பு, ரெண்டு ஸ்பூன். சாப்பாட்ட அப்புறம் பாத்துக்கலாம்." காரமாக இருக்குமா என்று கேட்பவர்களிடம், "உங்க ஊர்க் காரமா, எங்க ஊர்க் காரமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அவர்கள் விழிப்பதைப் பார்த்துக் கடையை மாற்றிச் சொல்வாள். அவள் சொன்ன கடைக்குப் போய்விட்டு யாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பியதில்லை. குளிர்காலம் தோறும் கனடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியை இறக்குவதற்கு முன்பே, "இந்த வருஷம் எங்கே, ஹெர்மீனியா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள். அந்தக் கேள்வி ஒன்றுதான் அவளுக்கிருந்த பெருமை.

அதனால்தான் தம்பி விஷயம் அவ்வளவு சிக்கலானது.

தம்பி கில்பெர்த்தோவை வீட்டில் பெத்தோ என்பார்கள். கூரை வேலையை விட்டுவிட்டு, மோட்டலுக்கு இரண்டு தெரு தள்ளி, மாட்டுக்கறியை விறகுத் தணலில் சுட்டுக் கொடுக்கும் கடை ஒன்றைத் திறந்தான். அக்காள் அனுப்பும் ஆட்களே கடையை நிரப்பிவிடுவார்கள் என்பது அவன் கணக்கு. திறந்த அன்றைக்கு அவள் போனாள்; ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள்; அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வந்தாள். அதன்பிறகு ஒருவரைக்கூட அனுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது அவன் கேட்டேவிட்டான்.

"ஏன்க்கா, ஊர்ல இருக்கிற கடைக்கெல்லாம் ஆள் அனுப்பற. என் கடை மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலயா?"

"தெரியுது பெத்தோ. உன் கறி காஞ்சு கெடக்கு. ஷூவுக்கு அடி தைக்கலாம்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. பெத்தோ பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து போனான். அந்தக் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. தெருவில் எதிரே வந்தால், கொளுத்தும் வெயிலிலும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான்.

மறு ஜூலையில் ஊர் காலியானது. குளிருக்குத் தப்பி வந்தவர்கள் எப்போதோ போய்விட்டிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் இல்லை. பெத்தோவின் மனைவி நொயெமி ஒரு மத்தியானம் தனியாக மோட்டலுக்கு வந்து, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, இப்படியே போனா செப்டம்பர்ல கடைய மூடிடுவாரு. திரும்பவும் கூரை மேல ஏறணும். இந்த முட்டி வலிய வெச்சுக்கிட்டு எப்படி ஏறுவாரு? ஒரு நாலு பேர அனுப்புங்களேன்."

ஹெர்மீனியா கழுத்திலிருந்த ஈரத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். இருந்தாலும் சொன்னாள்: "ஒரு தடவ பொய் சொன்னேன்னா, அடுத்த தடவ நெசம் சொன்னாலும் கேக்க மாட்டாங்க, நொயெமி. அப்புறம் நான் இங்க உக்காந்து என்ன பண்றது?"

ஆனால் நொயெமியைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. வேலை முடிந்ததும் கையுறைகளை மாட்டிக்கொண்டு, அவளைத் தன் காரிலேயே ஏற்றிப் போனாள். கடையில் ஈ காக்கை இல்லை. அக்காளைக் கண்டதும் பெத்தோ முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் மேசையில் உட்காராமல் நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். ஓரத்தில் ஒரு பானை. வேலைக்காரர்களுக்காக நொயெமி வைத்த சூப்: உருளைக்கிழங்கு, சுட்டுத் தோலுரித்த பச்சை மிளகாய், கொஞ்சம் பால், மேலே பாதி உருகி நிற்கும் வெள்ளைப் பாலாடைக்கட்டித் துண்டுகள். ஹெர்மீனியா நின்றபடியே ஒரு கிண்ணம் குடித்தாள். பிறகு இன்னொரு கிண்ணம் மொண்டுகொண்டாள்.

"இத ஏன்டா கடைல போடல?"

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"இதயா? ஜுரம் வந்தா வீட்ல குடிக்கிறது இது. நூத்திப்பத்து டிகிரி வெயில்ல எவன் வந்து சூப் கேப்பான்?"

"நான் கேக்கறேனே. குடிச்சா வேர்க்குது, வேர்த்தப்புறம் ஜில்லுனு இருக்கு."

"கறி சுடத் தெரியாதவன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, இப்ப பொண்டாட்டி சூப்ப விக்கச் சொல்றியா?"

"ஊர்ல ஒருத்தர்கிட்டயும் நான் சொல்லல பெத்தோ. சாப்பிட்டவங்க சொல்லிடக் கூடாதுன்னுதான் ஒருத்தரையும் அனுப்பல."

அவன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான்.

மறுநாள், கண்டதையும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட ஒரு வயதான கணவன் மனைவி மேசைக்கு வந்தார்கள். ஹெர்மீனியா பாதிப் புருவத்தை உயர்த்தினாள். "ரெண்டு தெரு தள்ளி ஒரு கடை. கறி கேக்காதீங்க. நொயெமி வெக்கிற சூப் வேணும்னு கேளுங்க. இல்லன்னு சொல்லுவான், நகராதீங்க." அவன் இல்லையென்றுதான் சொன்னான். அவர்கள் நகரவில்லை. உள்ளிருந்து நொயெமியே இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தாள். சாயங்காலம் அந்தக் கிழவர் மோட்டல் மேசைக்கு வந்து, இன்னும் இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னார்.

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த வாரம் கடை வாசல் பலகையில் சூப்பின் பெயர் ஏறியது. சாயங்கால மழைகள் வந்து சாலைகளில் செம்மண் ஓடத் தொடங்கியபோது, மத்தியானங்களில் பெத்தோவின் கடையில் உட்கார இடமில்லை. செப்டம்பர் வந்தது; கடை மூடவில்லை. அடுப்பில் கறியும் வெந்துகொண்டுதான் இருந்தது. அது இன்னமும் காய்ந்துதான் இருந்தது.

ஒரு நாள் பெத்தோ மோட்டலுக்கே வந்தான். மூடிய பாத்திரத்தை மேசையில் வைத்து, "நொயெமி குடுத்தனுப்பினா" என்றான். மன்னிப்பு, கின்னிப்பு என்று எதுவும் இல்லை. வரவேற்பறையின் ஏசி அன்று காலையே நின்றுபோயிருந்தது. அவள் அதைத் திறப்பதற்குள், டெக்சாஸிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் வியர்த்து வழிய உள்ளே நுழைந்தார்கள். "இந்த ஊர்லயே நல்லா கறி சுடற கடை எதுங்க?" என்றான் ஒருவன்.

ஹெர்மீனியா தம்பியை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேறொருவரின் கடைப் பெயரைச் சொன்னாள்.

பெத்தோவின் கழுத்து சிவந்தது. கதவு வரைக்கும் போனான். போனவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, இளைஞர்களை வெளியே அழைத்து, கையை நீட்டி வழி காட்டினான். "சிக்னல்ல இடது பக்கம் திரும்புங்க. வெங்காயத்தையும் சுட்டுத் தரச் சொல்லுங்க, மறந்துடாதீங்க." அவர்கள் கார் கிளம்பும்வரை வெயிலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து, அக்காளுக்கு எதிரே கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

ஹெர்மீனியா மேசை மேல் தன்னைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்த சின்ன மின்விசிறியை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.