எழுபது ரூபாய்க்கு எடுத்த சீட்டு

பணத்தை எங்கே போடலாம் என்று கேட்டுவரும் இளைஞர்களிடம் "அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொல்கிறேன். அதைக் கற்க ஆன செலவு என்னுடையதல்ல, என் அத்தையுடையது.

கணவரை இழந்த அத்தை ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தாள். கையால் ரவிக்கை தைத்துச் சேர்த்த காசை அரிசிக்கடைக்காரரிடம் ஏலச்சீட்டில் போட்டுவந்தாள். பத்துப் பேர், ஆளுக்கு மாதம் பத்து ரூபாய், பத்து மாதம். சேரும் நூறில் அதிகம் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்துக் கேட்பவருக்கு மீதித் தொகை. தள்ளியது மற்றவர்களுக்குப் பங்கு. அவசரக்காரர் முதலில் எடுத்து இழப்பார். பொறுத்தவருக்குக் கடைசி மாதம் நூறும் முழுசாக வரும். அந்த நூறை நம்பி அத்தை புத்தூரில் ஒரு பழைய தையல் மெஷினைப் பேசி வைத்திருந்தாள்.

மூன்றாம் மாதம் அவளுக்குக் காய்ச்சல். ஒன்பது வயதான என்னிடம் பத்து ரூபாயைக் கொடுத்து, "வாயைத் திறக்காம உக்காந்திருந்து, பங்கை வாங்கிட்டு வா" என்றாள்.

ஏலம் என்றால் எனக்குப் பிள்ளையார் கோவில் ஏலம்தான். அங்கே பெரிய தொகை சொல்லித் தேங்காய் எடுத்த அப்பாவுக்கு மாலை போட்டார்கள். இங்கே சைக்கிள் கடைக்காரர் பத்து ரூபாய் தள்ளினார். நான் பன்னிரண்டு என்றேன்.

அரிசிக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "தம்பி, அத்தை சொல்லி அனுப்பினாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன். பொய்.

நான் முப்பது என்றதும் சைக்கிள் கடைக்காரர் சிரித்து ஒதுங்கினார். எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். ஒருவர் கடலைமிட்டாய்கூட வாங்கித் தந்தார். அவர்கள் பங்கிட்டுக்கொண்டது எங்கள் பணம் என்று எனக்கெப்படித் தெரியும்? எழுபது ரூபாயோடு ஊர்வலம் வருகிறவனைப் போல வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் அரிசிக்கடைக்காரர் வாசலில் நின்று, "நீங்க சொல்லித்தானேம்மா அனுப்பினீங்க?" என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க, நாந்தான் சொன்னேன்" என்றாள்.

எழுபதும் மீதி ஏழு தவணைக்குச் சரியாகப் போயிற்று. மெஷினை வேறு யாரோ வாங்கிப் போனார்கள்.

அந்தத் தீபாவளிக்கு அத்தை எனக்குச் சட்டை தைத்தாள், பொடிப் பொடியான கைத்தையலில். என் அத்தைக்கு மெஷினே வேண்டாம் என்று தெருவெல்லாம் பெருமையடித்தேன். அதை அவள் எதிரிலும் ஒருமுறை சொன்னேன். அவள் விரலில் ஊசி ஏறியது. என் புகழ்ச்சியில் பூரித்துப்போய்க் கவனம் சிதறிவிட்டாள் என்று அன்று நினைத்தேன்.