இரும்புக் காளையின் கயிறு

பெரியநாயக்கன்பாளையம் பஸ் ஸ்டாப். விடிகாலைப் பனியில் மலையையும் காணோம், ரோட்டையும் காணோம். பழைய மோட்டார் பம்ப்புத் துண்டுகளைப் பற்றவைத்து நாங்கள் செய்த இரும்புக் காளை மட்டும் மிதப்பதுபோல் நிற்கிறது. வருடத்துக்கு ஓர் ஊர் என்று சிற்பங்களை இடம் மாற்றுகிறோம். இன்று இது அந்தியூருக்குப் போகிறது.

லாரியில் ஏற்றச் சங்கிலி மாட்டும்போது, எதிரே எஸ்.டி.டி. பூத் நடத்தும் அம்மா ஓடி வருகிறார்.

"ஏனுங்க, கொஞ்சம் இருங்க."

காளையின் கழுத்தில் எப்போதோ தானே கட்டிவிட்டிருந்த கயிற்றை அவிழ்க்கிறார்.

"ஞாபகத்துக்குங்களா?" என்று கேட்கிறேன்.

"இல்லீங்க. மாட்டக் குடுத்தாலும் கயித்தக் குடுக்க மாட்டமுங்க. குடுத்துப்போட்டா அடுத்த மாடு தங்காதுங்க. அடுத்தது எப்பங்க வரும்?"

இந்த ஊருக்கு அடுத்தது என்று நாங்கள் எதையுமே யோசித்திருக்கவில்லை.

லாரி நகர்கிறது. காளை நின்ற காலி மேடையருகே, கயிறும் கையுமாக அவர் பனிக்குள் நிற்கிறார்.